ஒண்ணும் பண்ணல, தானா நின்னுடுச்சு

ஓசூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகங்கள் செய்யும் ஓர் ஆலையில் மெயின்டனன்ஸ் பிரிவு என் பிழைப்பு. அதோடு கூடுதலாக ஒரு பட்டமும் உண்டு: ஃபைவ் எஸ் குழுவின் தலைவர். ஃபைவ் எஸ் என்பது ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்த ஒழுங்குமுறை. வேண்டாததை வெளியே எடு, வேண்டியதை அதனதன் இடத்தில் வை, துடை, இதையே பழக்கமாக்கு என்று நீண்டுகொண்டே போகும். எங்கள் பகுதிக்குள் நுழைந்தால் துடைப்பத்துக்குக்கூடப் பெயர்ப்பலகை இருக்கும். சுவரில் ஸ்பேனர் தொங்கும் இடத்தில் ஸ்பேனரின் நிழலை வரைந்து வைத்திருப்போம். ஸ்பேனர் போனாலும் நிழல் இருக்கும்.

வேண்டாததுபோலத் தெரியும் பொருளுக்குச் சிவப்பு அட்டை ஒன்றை மாட்டி, ஒரு மூலையில் ஒரு மாதம் உட்கார வைப்போம். யாரும் தேடி வராவிட்டால் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடுவோம். அந்த ஒரு மாதம்தான் முறையின் உயிர். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது இந்த இடத்தில் நான் மேசையைத் தட்டுவேன். "உனக்குத் தேவையில்லைங்கறதுக்காக உலகத்துக்கே தேவையில்லைன்னு அர்த்தமில்ல" என்பேன். பையன்கள் தலையாட்டுவார்கள். தேநீர் வரும்.

வீட்டிலும் இதைக் கொண்டுவர முயன்றேன். கைப்பிடி ஆடும் தோசைக்கரண்டிக்குச் சிவப்பு அட்டை மாட்டிய அன்று எனக்கு உப்புமா. அத்தோடு வீட்டுக் கிளை மூடப்பட்டது.

மனைவி ஓசூரை அடுத்த தளிக்காரி. பிறந்த வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, என்னிடம் தமிழ், கோபம் வந்தால் மூன்றும். நான் சிவகங்கைப் பக்கம். வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது; என் பேச்சு இந்த ஊர்ப் பேச்சாகவே மாறிவிட்டது என்று நான் நம்பிக்கொண்டிருக்கிறேன். மாறவில்லை. மேலே ஒரு கோட்டிங் அடித்திருக்கிறது, அவ்வளவுதான். பயம் வந்தால் பெயின்ட் உரிந்து உள்ளே இருக்கும் சிவகங்கை வெளியே தெரியும். இது எனக்குத் தெரியாமல் என்னைச் சுற்றி இருக்கும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அவள் வீட்டின் முன்னறையில் எம்பிராய்டரி மெஷின் வைத்திருக்கிறாள். கல்யாண ஜாக்கெட்டுகள்தான் முக்கியத் தொழில். டிசைனைக் கம்ப்யூட்டரில் வரைந்து, பென் டிரைவில் ஏற்றி, மெஷினில் செருகினால் அது பாட்டுக்குத் தைக்கும். கம்ப்யூட்டர் மேசைக்கடியில் நிற்கும் பழைய பெட்டி. காலையில் ஆன் செய்துவிட்டுப் பால் காய்ச்சி, காபி போட்டு, குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தால் அப்போதுதான் கண்ணைத் திறந்துகொண்டிருக்கும்.

அப்போது அவள் கையில் இருந்தது தளிப் பக்கத்து மணப்பெண் ஒருத்தியின் ஜாக்கெட். பெண் வீட்டில் பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்க்கிறார்கள். கைகளில் தங்கள் தோட்டத்து ரோஜாவே வேண்டும் என்று பெண் கேட்டுவிட்டாள். மனைவி முதலில் நன்றாக மலர்ந்த ரோஜாவாக வரைந்து அனுப்பினாள். பெண் போனில் சிரித்தாள். "அக்கா, இப்படி விரிஞ்சா எங்க அப்பா தூக்கிப் போட்டுடுவாரு. பாதி விரிஞ்சதுதான் ஏத்துமதிப் பெட்டியில போவும்." அதன்பிறகு பாதி விரிந்த ரோஜாவுக்காக மனைவி இதழ் இதழாக வாரக்கணக்கில் உட்கார்ந்தாள். சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்தாள். ஒரு இதழின் மடிப்பு சரியாக வரவில்லை என்று மூன்று மொழியிலும் பேசினாள். முதுகுப்பக்கம் தைத்தாகிவிட்டது. கைகள் இரண்டும் பாக்கி. மறுநாள் காலை பெண் போட்டுப் பார்க்க வருகிறாள்.

அந்த ரோஜா இருந்தது அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும். அதற்கு இன்னொரு பிரதியும் முன்பு ஒரு பென் டிரைவில் இருந்தது. ஒரே பொருள் இரண்டு இடத்தில் இருப்பது ஃபைவ் எஸ்ஸில் விரயம். அதை நான்தான் போன வாரம் ஒரு மதியத்தில் எடுத்துச் சுத்தம் செய்திருந்தேன்.

பெண் வருவதற்கு முந்தைய நாள் எனக்கு வார விடுமுறை. ரோஜாவின் உள்மடிப்புக்கு ஏற்ற இளஞ்சிவப்பு நூல் ஓசூரில் கிடைக்கவில்லை என்று காலையிலேயே பெங்களூருக்குப் புறப்பட்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"நான் திரும்பறப்ப அத்திப்பள்ளி தாண்டினதும் போன் பண்றேன். அப்ப கம்ப்யூட்டர ஆன் மட்டும் பண்ணி வையுங்க. வந்ததும் கை ரெண்டையும் ஓட்டணும். வேற எதுவும் தொடாதீங்க."

"நான் என்னத்த தொடப் போறேன்?"

"அது எனக்குத் தெரிஞ்சா சொல்லிட்டுப் போவ மாட்டனா?"

பஸ் கிளம்பியிருக்கும் என்று தோன்றியதும் என் சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தேன்.

அதைக் கொடுத்தவர் எங்கள் ஆலையில் அச்சுகள் செய்யும் டூல் ரூம்காரர். கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜுவாடியில் வீடு. என் வயதுதான், என்னைவிட முடி அதிகம். கன்னடப் பக்கத்து வழக்கப்படி என்னைக் 'குரு' என்றுதான் கூப்பிடுவார். கேன்டீனில் சாம்பாரை ஊற்றிக்கொண்டே, கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் மென்பொருளின் புராணம் படிப்பார். இலவசம், வைரஸ் வராது, கிழட்டுக் கம்ப்யூட்டரும் குதிரையாக ஓடும். இருக்கிற விண்டோஸை எடுக்கவே வேண்டாம், பக்கத்திலேயே இதையும் போட்டுக்கொள்ளலாம். ஆன் செய்தால் எது வேண்டும் என்று கம்ப்யூட்டரே கேட்கும் என்றார். "ஆனா உனக்கு வேணாம் குரு. நீ பிரிண்டர்ல பேப்பர் சிக்கினாலே ஆள் கூப்புடற கேசு" என்று கடைசியில் ஒரு வார்த்தை சேர்த்தார். மேசையே சிரித்தது, நான் வீம்புக்குக் கேட்டு வாங்கினேன். அந்தச் சிரிப்புதான் என் பையில் பென் டிரைவாக இருந்தது.

திட்டம் எளிது. அவள் வருவதற்குள் போட்டு முடித்து, கிழவனைக் குதிரையாக்கிக் காட்டி, "என்னங்க இது இவ்வளவு வேகம்" என்று அவள் கேட்கும்போது ஒன்றும் பேசாமல் காபி குடிக்க வேண்டும். அந்தக் காபியை எப்படிப் பிடித்துக் குடிப்பது என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், போடுவது சரியாகவே போனது. திரை கேட்டதற்கெல்லாம் சரி சரி என்றேன். பெட்டி ஒருமுறை நின்று மறுபடி கிளம்பியது. கருப்புத் திரையில் லினக்ஸ் ஒரு வரி, விண்டோஸ் ஒரு வரி, எது வேண்டும் எஜமானே என்று இரண்டும் வரிசையில் நின்றன. இரண்டையும் ஒருமுறை திறந்து பார்த்தேன். ரோஜா பத்திரமாக இருந்தது. திரையைப் போட்டோ எடுத்துக் கேன்டீன் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். டூல் ரூம்காரர் ஒரு கட்டைவிரல் அனுப்பினார். ஒரு கட்டைவிரல்தான், இன்னொன்று அனுப்ப மனசு வரவில்லை பாருங்கள்.

இந்த இடத்தில் எழுந்து போய்க் காபி போட்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. வேலை முடிந்ததும் இடத்தைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் நகர வேண்டும் என்பது எங்கள் ஆலை விதி. கை சும்மா இருக்குமா? முதலில் அந்தப் பென் டிரைவைச் சுத்தம் செய்தேன். போட்டு முடித்த பிறகு அதில் இருப்பது குப்பைதானே என்று முழுக்கத் துடைத்துவிட்டு, சமையலறை ஸ்பீக்கருக்கான பாட்டுகளை ஏற்றினேன். அவளுக்கு இன்னொரு ஆச்சரியம்.

பிறகு லினக்ஸுக்குள் போய் ஹார்ட் டிஸ்க்கின் படத்தைத் திறந்தேன். பாகப்பிரிவினை ஆன வீட்டு மனை வரைபடம்போல இருந்தது. விண்டோஸுக்குப் பெரிய மனை, லினக்ஸுக்கு ஓரளவு மனை. முதல் ஓரத்தில் ஒரு துணுக்கு. கல்யாண வீடியோவில் தாலி கட்டும் காட்சியைக்கூட வைக்க முடியாத அளவு. மேலே மூன்றெழுத்தில் ஏதோ போட்டிருந்தது. எங்கள் ஆலையில் மூன்றெழுத்துச் சுருக்கம் இல்லாத எதுவுமே கிடையாது. அதில் பாதிக்கு இப்போது யாருக்கும் விரிவு தெரியாது. போட்டவர் ஓய்வு பெற்றிருப்பார். இதுவும் அந்த வகைதான் என்று முடிவு செய்தேன்.

அழித்தேன்.

நிச்சயமாகவா என்று கேட்டது. ஆமாம் என்றேன். கடவுச்சொல் கேட்டது. கொடுத்தேன். ஆலையில் ஒரு உடைந்த ஸ்டூலை வெளியே தள்ள மூன்று துறை கையெழுத்து வாங்க வைப்பவன் நான். ஒரு மாதம் மூலையில் வைக்கச் சொல்லி மேசையைத் தட்டுபவனும் நானேதான். இங்கே ஒரு நிமிடம்கூட வைக்கவில்லை.

படம் சுத்தமாகிவிட்டது. ரசித்தேன். கடைசியாக ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்ப்போம் என்று ஆன் செய்தேன்.

கருப்புத் திரை. துவங்குவதற்கு எதுவும் கிடைக்கவில்லை, ஏதாவது ஒரு விசையை அழுத்து என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அழுத்தினேன். அதே வரி. வேறொரு விசை. அதே வரி. எது வேண்டும் எஜமானே என்று கேட்ட இரண்டு பேரையும் காணோம்.

"ஆத்தாடி" என்றேன். முன்னறையில் நானும் மெஷினும் மட்டும்தான். மெஷினில் ஜாக்கெட் துணியின் ஒரு கை ஃப்ரேமில் இறுக்கி மாட்டப்பட்டு, ரோஜாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

இதன்பின் நான் செய்தவை எந்தத் தொழில்நுட்பப் புத்தகத்திலும் இல்லை. பிளக்கைப் பிடுங்கிச் செருகினேன். வேறு பிளக்கில் செருகினேன். பெட்டியின் பக்கத்தைக் கழற்றி உள்ளே ஊதினேன். தூசி என் கண்ணுக்குள் வந்தது. மெமரியைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டினேன். பெட்டியின் தலையில் லேசாகத் தட்டினேன். கொஞ்சம் பலமாகவும் தட்டினேன். விசைப்பலகையில் நிதானமாக, மரியாதையாக, ஒவ்வொரு விசையாக அழுத்திப் பார்த்தேன், ஏதோ ஒன்று மட்டும் மன்னிக்கும் விசையாக இருக்கலாம் என்று. சாமி படத்தைப் பார்த்தேன். சாமிக்கும் இது புதிது என்று முகத்திலேயே தெரிந்தது.

போன் அடித்தது. அவள்.

"நூலு கெடைச்சிடுச்சுங்க. சரியா அந்த கலரே. நீங்க சாப்ட்டீங்களா?"

"ஆமாத்தா. சாப்புட்டாச்சு. நீ பைய வா, ஒண்ணும் அவசரமில்ல. வெயிலு வேற அடிக்கிது."



"என்ன ஒடைச்சீங்க?"

"என்னத்த ஒடைக்க? ஒண்ணுமில்லையே."

"அப்புறம் என்னாத்துக்கு சிவகங்கைல இருந்து பேசறீங்க?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். டூல் ரூம்காரருக்குப் போன் போட்டேன். மூன்று முறையும் எடுக்கவில்லை. அவருடைய பென் டிரைவில் இப்போது சமையலறைப் பாட்டுகள். பெட்டியையே தூக்கிக்கொண்டு போவதைத் தவிர வழியில்லை.

பெட்டியைப் பூப்போட்ட பெட்ஷீட் ஒன்றில் சுற்றி, ஸ்கூட்டரின் முன்பலகையில் நிறுத்தி, கேஸ் சிலிண்டர்போல இரண்டு முழங்காலாலும் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். பெங்களூர் நெடுஞ்சாலையில் இரண்டு பக்கமும் கன்டெய்னர் லாரிகள், நடுவில் நான், என் கால்களுக்கிடையில் ரோஜா. ஜூஜுவாடி சிக்னலில் ஒரு போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டினார்.

"என்னது உள்ள?"

"கம்ப்யூட்டர் சார். ஒடம்பு சரியில்ல."

"ஆஸ்பத்திரி கர்நாடகாவுலயா?"

"இல்லைங்க சார், இந்தப் பக்கமேதான்."

"போங்க. பெட்ஷீட்டு சக்கரத்துல மாட்டப் போவுது, சொருகிக்குங்க."

டூல் ரூம்காரர் மாடி வீட்டு வராந்தாவில் ஒரு அன்னக்கூடை நிறைய ஊறவைத்த அவரைக் கொட்டையோடு உட்கார்ந்திருந்தார். பனிக்காலம் வந்தால் இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இதுதான் வேலை. கொட்டையை இரண்டு விரலால் அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு துள்ளி வெளியே விழும். பிதுக்கம்பருப்புக் குழம்பு சாப்பிட ஆயிரம் பேர் வருவார்கள். பிதுக்க ஒருத்தர்தான் கிடைப்பார். அன்றைக்கு அந்த வீட்டில் கிடைத்தவர் இவர். கை ஈரம், அதனால் போன் எடுக்கவில்லை.

பெட்ஷீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்னா குரு, என்னா ஆச்சு?"

அப்போது என் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வந்தது. ஆலையில் எந்த மெஷின் நின்றாலும் அதை ஓட்டுகிறவர் என்னிடம் சொல்லும் முதல் வாக்கியம் அது. அதைக் கேட்டதும் நான் கையைக் கட்டிக்கொண்டு, உதட்டைச் சுழித்துச் சிரிப்பேன். அதையே நடித்துக் காட்டி ஆண்டு விழாவில் கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன்.

"ஒண்ணும் பண்ணலய்யா. தானா நின்னுடுச்சு."

டூல் ரூம்காரர் கையில் இருந்த பருப்பைக் கூடைக்குள் போட்டார். ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, உதட்டைச் சுழித்துச் சிரித்தார். என் சிரிப்பு. அச்சு அசலாக.

"உக்காரு. பிதுக்கு. ஏன்-ஏன் போட்டுப் பார்த்துடலாம்."

ஏன்-ஏன் என்பது எங்கள் ஆலையில் பழுதுக்கான விசாரணை. மெஷின் ஏன் நின்றது என்று கேட்பது. வரும் பதிலுக்கும் ஏன் என்று கேட்பது. இப்படி ஐந்து முறை தோண்டினால் ஆணிவேர் வந்துவிடும் என்பது நம்பிக்கை. தோண்டுகிறவன் எப்போதும் நான். அன்றுதான் முதன்முதலாகக் குழிக்குள் இருந்து பார்க்கிறேன்.

"யோவ், அவ பஸ் ஏறியிருப்பாய்யா. மொதல்ல இத பாரு."

"முறைன்னா முறை. நீதானே சொல்லுவ, தோண்டாம கை வெச்சா நாளைக்கு மறுபடி நிக்கும்னு? ஏன் ஸ்டார்ட் ஆவல?"

பிதுக்கினேன். "எங்கிருந்து ஸ்டார்ட் ஆகணும்னு அதுக்குத் தெரியல."

"ஏன் தெரியல?"

"அது எழுதியிருந்த எடம் இல்ல."

"ஏன் இல்ல?"

"அழிஞ்சிருச்சு."

"அழிஞ்சிடுச்சா, அழிச்சிட்டியா?"

"அழிச்சாப்புல ஆயிருச்சு."

"ஏன் அழிச்ச?"

"சின்னதா, ஓரமா, யாருக்கும் ஆவாம கெடந்துச்சுய்யா!"

உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். இப்போது எனக்கு ஒரு கூட்டமும் சேர்ந்துவிட்டது.

"அஞ்சாவது ஏன்" என்றார் டூல் ரூம்காரர், மிகவும் அமைதியாக. "யாருக்கும் ஆவாதுன்னு ஏன் முடிவு பண்ண?"

நான் அழுத்திய அழுத்தில் ஒரு பருப்பு விரலிலிருந்து பறந்து போய் எதிர்ச்சுவரில் பட்டது. 

"சரி, எழுதிக்கறேன்" என்றார். "ஆணிவேர்: ஆளு."

"அதெப்படி? அது செல்லாது" என்று துள்ளினேன். "மனுசத் தப்புன்னு எழுதக் கூடாது. முறையில எங்க ஓட்டைன்னுதான் பார்க்கணும். நம்ம விதியே அதுதான."

"அந்த விதி எல்லாருக்கும்தான் போட்டியா? போன மாசம் என் டூல் ரூம் பையன் ஒருத்தன் டை செட் பண்றதுல தப்பு பண்ணப்ப உனக்கு ஞாபகம் வரலியேன்னு கேக்கறேன்."

அந்த வீட்டு அம்மா "பாவம், மொகத்தப் பாருங்க. மொதல்ல செஞ்சு குடுங்க, அப்புறம் திட்டலாம்" என்று தீர்ப்பு சொன்னார். திட்டு தள்ளுபடி ஆகவில்லை, ஒத்திவைக்கப்பட்டது, அவ்வளவுதான்.

பெட்டியை உள்ளே கொண்டுபோய் அவருடைய திரையில் மாட்டினார். அவரிடம் வேறு பென் டிரைவ் இருந்தது. இரண்டு மூன்று இருந்தன, ஒரே பொருள் பல இடத்தில். விரயம் என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கினேன். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் அந்தப் பென் டிரைவிலிருந்தே லினக்ஸைக் கிளப்பினார். பெட்டி கண்ணைத் திறந்தது. விண்டோஸின் பெரிய மனை அப்படியே இருந்தது. உள்ளே மனைவியின் டிசைன் ஃபோல்டர்களைத் திறந்தார்.

"எது?"

"ரோஜா. பாதி விரிஞ்சது."

இருந்தது. இதழ், மடிப்பு, அவள் திட்டித் திட்டி வரைந்த அந்த ஓரம், எல்லாம்.   அதை வேறொரு பென் டிரைவில் பிரதி எடுக்கச் சொன்னேன். எடுத்தார். இன்னொன்றிலும் எடுக்கச் சொன்னேன்.

"ரெண்டு எடத்துலயா குரு?"

"மூணு எடத்துல எடு."

வீடு அப்படியேதான் இருந்தது. நான் இடித்தது வாசற்படியை. பெட்டி கிளம்பும்போது முதலில் அந்தத் துணுக்குக்குள்தான் போய், யாரை எங்கே எழுப்புவது என்று பார்க்குமாம். துணுக்கு இல்லாததால் வாசலிலேயே நின்றுவிட்டது. டூல் ரூம்காரர் அதே ஓரத்தில் அதே அளவுக்குத் துணுக்கை மறுபடி உருவாக்கினார். பிறகு விண்டோஸ் போடும் பென் டிரைவைச் செருகி, அதிலிருக்கும் பழுதுநீக்கும் பகுதிக்குள் போய், ஒரே ஒரு வரியைத் தட்டினார். துவக்கக் கோப்புகள் திரும்ப எழுதப்பட்டன என்றது. பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு ஆன் செய்தார்.  கிழவன் எப்போதும்போல மெல்ல, கொட்டாவி விட்டுக்கொண்டு, விண்டோஸில் எழுந்தான். அந்த மந்தம் அவ்வளவு அழகாக எனக்கு அதுவரை தெரிந்ததில்லை.

"லினக்ஸு உள்ளதான் இருக்குது. அதுக்கு வாசல் வெக்கணும், கொஞ்சம் வேலை. வெக்கட்டா?"

போன் அடித்தது.

"அத்திப்பள்ளி தாண்டிட்டேன். ஆன் பண்ணுங்க."

நான் சொன்ன "ம்" எந்த மாவட்டத்தைச் சேர்ந்தது என்று யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. அவ்வளவு கவனமாகச் சொன்னேன். லினக்ஸை வாசலில்லாத வீட்டுக்குள் அப்படியே விட்டுவிட்டு, பெட்டியைச் சுற்றி, முழங்காலில் இடுக்கிக்கொண்டு ஸ்கூட்டரில் பறந்தேன்.

அத்திப்பள்ளியிலிருந்து ஓசூருக்கு வரும் பஸ்ஸுக்கும், ஜூஜுவாடியிலிருந்து ஓசூருக்குப் போகும் ஸ்கூட்டருக்கும் ஒரே சாலைதான் என்பது சாலைக்கு வந்த பிறகுதான் என் மூளைக்கு வந்தது. கண்ணாடியில் ஒரு பஸ் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஹெல்மெட்டின் முகமூடியை இறக்கினேன். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனது. நான் சாலையை மட்டும் பார்த்தேன், ஒரு நல்ல குடிமகனாக. மேம்பாலத்துக்குக் கீழே நெரிசல். பஸ் மாட்டிக்கொண்டது, நான் சந்து வழியாகப் பாய்ந்தேன். வீட்டுக்குள் நுழைந்து, பெட்டியை மேசைக்கடியில் தள்ளி, ஒயர்களை மாட்டி, ஆன் செய்து, முகம் கழுவி, செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தேன். தலைகீழாகப் பிடித்திருக்கிறேனா என்றும் சரிபார்த்தேன்.

அவள் வந்தாள். நூலைக் காட்டினாள். அழகாகத்தான் இருந்தது.

"என்ன பண்ணீங்க நாள் பூரா?"

"சும்மாதான். கொஞ்சம் தூசி தட்டினேன்."

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ரோஜாவைத் திறந்தாள். ஒவ்வொரு இதழாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். சரியாக இருந்தது. கையை நெற்றிக்குக் குடைபோல வைத்து வாசலில் விழும் சாயங்கால வெயிலைப் பார்த்தாள். பிறகு திரையின் கீழ் மூலையைப் பார்த்தாள்.

"வெளிய பொழுது சாயுது. இதுல மத்தியானம் பன்னெண்டு காட்டுது. ஏங்க?"

பிறகுதான் தெரிந்தது: லினக்ஸ் பெட்டியின் கடிகாரத்தை உலகப் பொது நேரத்துக்கு மாற்றி வைத்துவிடுமாம். விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று நம்பி, ஐந்தரை மணி நேரம் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். எல்லாத் தடயத்தையும் துடைத்தவன், கடிகாரத்தைத் துடைக்கவில்லை.

"ஒண்ணும் பண்ணல" என்றேன். "தானா..."

"தானா பின்னாடி போயிடுச்சு?"

"பழசாயிருச்சுல்ல. வயசானா நேரம் மறந்துபோகும்த்தா."

"ம்." நூலை மெஷினில் கோத்தாள். "ஜூஜுவாடிகிட்ட பஸ்ஸு ஜன்னல்ல பார்த்தேன். நம்ம பூப்போட்ட பெட்ஷீட்டு ஒண்ணு ஸ்கூட்டர்ல போச்சு. அதுவும் தானா போச்சா?"

செய்தித்தாளை மடித்து வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். துணுக்கு, பென் டிரைவ், ஏன்-ஏன், சுவரில் பட்ட பருப்பு வரை. அவள் ஃப்ரேமைச் சரிசெய்துகொண்டே கேட்டாள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் திரும்பிப் பார்த்தாள், ரோஜாவின் பழைய பிரதியை நான் போன வாரம் சுத்தம் செய்த இடத்தில். அந்தப் பார்வைக்கு உப்புமா பரவாயில்லை.

சொல்லி முடித்ததும் மெஷினின் பொத்தானை அழுத்தினாள். ஊசி இறங்கியது. ஒரு கையில் ரோஜா பாதி விரிந்து நிற்கும்வரை இரண்டு பேரும் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தோம். நூல் ஒருமுறைகூட அறுபடவில்லை. நான்தான் ஒவ்வொரு தையலுக்கும் அறுந்துகொண்டிருந்தேன். அடுத்த கையும் முடிந்து ஃப்ரேமிலிருந்து வெளியே வந்த பிறகுதான் அவள் சிரித்தாள். முதலில் மெல்ல. பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டு.

"சுவத்துல பட்டுச்சா பருப்பு?"

மறுநாள் காலை பெண் வந்து போட்டுப் பார்த்தாள். கைகளைத் தூக்கி, திருப்பி, ரோஜாவை முகத்துக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். "இத அப்படியே பெட்டியில போட்டு அனுப்பலாம்க்கா" என்றாள். பிறகு இருவரும் கன்னடத்துக்குப் போய்விட்டார்கள். அது வேகமான கன்னடம், எனக்குப் புரிந்தது கொஞ்சம்தான். ஆனால் பேச்சின் நடுவே மனைவி இரண்டு விரலால் எதையோ பிதுக்கிக் காட்டினாள். பெண் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். கல்யாணத்துக்கு நான் போனபோது மாப்பிள்ளையும் அதே மாதிரி பார்த்தார். மாப்பிள்ளை ஊரான அத்திப்பள்ளி வரை கதை போய்விட்டிருக்கிறது.

பெண் வந்து போன அன்று நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது மேசைக்கடியில் புதிதாக ஏதோ மின்னியது. ஜாக்கெட் துணியில் மிஞ்சிய சிவப்புத் துண்டில், ஓரத்தில் நூல் வளையம் வைத்து, அட்டை மாதிரியே வெட்டி, ஜரிகையில் தைத்துக் கம்ப்யூட்டரின் ஆன் பொத்தானுக்கு மேல் தொங்கவிட்டிருந்தாள். எங்கள் ஆலைப் பலகைகள்போல மூன்று மொழியிலும் ஒரே செய்தி. தமிழில் "தொடாதே" என்று இருந்தது. கீழே கன்னடம், அதற்குக் கீழே தெலுங்கு.

"மூணுல ஒண்ணாச்சும் ஏறும்னுதான்" என்றாள் சமையலறையிலிருந்து.

குனிந்து பார்த்தேன். தையல் நேர்த்தி. மூன்று வரிக்கும் நடுவே இடைவெளி ஒரே அளவு. தணிக்கைக்குப் போனால் முழு மதிப்பெண். ஒரே ஒரு குறை: எங்கள் முறைப்படி சிவப்பு அட்டைக்குக் கெடு ஒரு மாதம். இதில் கெடு போடவில்லை. லினக்ஸ் உள்ளே வாசல் இல்லாமல் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றி மெல்ல ஆரம்பிக்கலாமா என்று வாயைத் திறந்தேன்.

"ஏத்தா..."

"ஊர்ப்பேச்சு வருது" என்றாள். "கைய எடுங்க."